சங்கரன்கோவிலில் இருந்து போன கண்ணாடி

உங்கள் வீட்டுக் கண்ணாடியில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவில் சின்ன இடைவெளி தெரியும். ரசம் பூசியிருப்பது பின்பக்கத்தில் அல்லவா, அதனால்தான். உலோகக் கண்ணாடியில் இந்த இடைவெளி இருக்காது.

சீனாவில் ஹான் வம்சக் காலத்தில் (கி.மு. 206 - கி.பி. 220) வெண்கலக் கண்ணாடிகள் பிரபலம். முன்பக்கம் மெருகு, பின்பக்கம் மிருகங்களும் எழுத்துகளுமாக அலங்காரம். இன்று அவற்றை மியூசியத்தில்தான் பார்க்க முடியும்.

ஆனால் உலோகக் கண்ணாடி இன்றும் தயாராகும் ஊர் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் பம்பை ஆற்றங்கரையில் உள்ள ஆரன்முளா! அங்குள்ள பார்த்தசாரதி கோயில் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையில் இருந்து கைவினைக் குடும்பங்களை ராஜா வரவழைத்தார் என்றும், அவர்கள்தான் இந்தக் கண்ணாடியைக் கண்டுபிடித்தார்கள் என்றும் பரம்பரையாகச் சொல்கிறார்கள். அவர்களின் சொந்த ஊராகச் சொல்லப்படுவது சங்கரன்கோவில். எங்கள் வீரகேரளம்புதூரில் இருந்து சுரண்டை வழியாகப் போனால் வந்துவிடும் ஊர்!

அப்படி என்ன ரகசியம்? ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் இந்த உலோகத்தை ஆராய்ந்திருக்கிறார். 100 பங்கில் சுமார் 33 பங்கு வெள்ளீயம், மீதி செம்பு. இந்த அளவில் உலோகம் வெள்ளி மாதிரி வெளுத்துவிடும், ஆனால் கீழே விழுந்தால் உடைந்துவிடும். களிமண் அச்சில் வார்த்து, நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றிய பிறகுதான் முகம் தெரியும்.

காமர்ஸ் மாணவனான எனக்கு இங்கேதான் ஒரு யோசனை வந்தது. 2004-05ல் ஆரன்முளா கண்ணாடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரளத்துக்குக் கிடைத்த முதல் குறியீடு அதுதான். வேறு ஊர்க்காரர் அந்தப் பெயரில் விற்க முடியாது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் அது காப்பாற்றுவது பெயரை மட்டுமே. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பட்டறைகளும் அச்சுகளும் செய்து வைத்த கண்ணாடிகளும் நாசமானபோது, மறுபடி தொழிலைத் தூக்கி நிறுத்தியது அந்தக் கைகள்தான்.

உலோகக் கலவை இன்று புத்தகத்திலேயே இருக்கிறது. கைப்பக்குவம் இல்லை. அது அந்தச் சில குடும்பங்களிடம் மட்டுமே இருக்கிறது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டால் குறியீடு இருக்கும், கண்ணாடி இருக்காது.

அன்று ஆதரவு கிடைத்த இடத்துக்குத் தொழில் போனது. சங்கரன்கோவிலுக்குக் கதை மட்டும் மிஞ்சியது. நம் பக்கத்தில் இன்று மிச்சம் இருக்கும் கைத்தொழில்களுக்காவது நாம் வாடிக்கையாளராக இருக்கிறோமா? யோசிப்போம் நண்பர்களே.