மாடிக்கணக்கும் கடைவாசலும்

2003 நவம்பரில் நடந்த டொராண்டோ நகர்மன்றத் தேர்தலில் ஆன் ஜான்ஸ்டன் தோற்றார். 1972இல், பழைய நகரை இடித்துக் கட்டும் வேகத்துக்கு எதிராக எழுந்த சீர்திருத்த அலையோடு மன்றத்துக்குள் வந்தவர் அவர். நகர மையத்தில் 45 அடிக்கு மேல் கட்டக்கூடாது என்று 1973இல் தற்காலிகத் தடை போட்டதும் அதே மன்றம்தான். முப்பது ஆண்டுகளுக்குப் பின், யங் தெருவும் எக்லின்டன் அவென்யூவும் கூடும் இடத்தில் மின்டோ நிறுவனம் இரட்டைக் கொண்டோ கோபுரம் எழுப்ப வந்தபோது அவர் சமரசத்துக்கு வழி செய்தார். பெரிய கோபுரம் ஐம்பது மாடியைத் தாண்டியது. தொகுதி அதை மன்னிக்கவில்லை. அவரை எதிர்த்து நின்ற கேரன் ஸ்டின்ட்ஸ் வென்றார்; கோபுரங்களும் எழுந்தன.

கொண்டோ என்பது டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய உடைமை முறை. வீடு தனிச் சொத்து. படிக்கட்டு, கூரை, மனை எல்லாம் பொது. நம் பத்திரங்களில் வரும் ‘பிரிக்கப்படாத பாகம்’ நினைவுக்கு வரும்.

கோபுரங்களுக்கு எழும் இவ்வகை எதிர்ப்பை ஆய்வுலகம் பெரும்பாலும் சொத்துக்கணக்காகவே படிக்கிறது. உள்ளூர் அரசியலில் வீட்டுக்காரர் வாக்களிப்பது தன் வீட்டின் மதிப்பைக் காக்கவே என்று பொருளியலாளர் வில்லியம் ஃபிஷல் 2001இல் வாதிட்டார். ஐன்ஸ்டைன், கிளிக், பாமர் மூவரும் மாசசூசெட்ஸ் மாநிலத்துத் திட்டமிடல் கூட்டக் குறிப்புகளை அலசி எழுதிய நூல் 2019இல் வந்தது. பேச எழுகிறவர்களில் மூத்தோரும் சொந்த வீட்டுக்காரர்களும் நெடுநாள் குடியிருப்போருமே மிகுதி என்று அது காட்டியது. யார் பேசுகிறார்கள் என்பதற்கு இது நல்ல விடை. ஆனால் ஏன் எங்கே போனாலும் அதே சொற்கள் கேட்கின்றன? உயரம், நிழல், நெரிசல், தெருவின் தன்மை. இந்தச் சொற்கள் மக்கள் வீட்டிலிருந்து கொண்டுவருபவை என்பதைவிட, மன்றத்தின் வாசலில் அவர்களுக்குத் தரப்படுபவை என்பதே என் கருத்து.

ஒரு பழைய கடைத்தெருவில் உண்மையில் எது பறிபோகிறது என்று பார்ப்போம். யங் போன்ற தெருக்களில் மனைகள் குறுகலானவை, ஆழமானவை. கீழே கடை, மேலே ஓரிரு மாடியில் வாடகை வீடு. கடன் அடைந்துபோன பழைய கட்டடம் என்பதால் சாவி வெட்டுபவரும் தையல்காரரும் கட்டுப்படியாகும் வாடகையில் அங்கே காலூன்ற முடிந்தது. பழைய கட்டடங்கள் தேவைப்படுவது அழகுக்காக அல்ல, மலிவான வாடகைக்காக என்பதை ஜேன் ஜேக்கப்ஸ் 1961லேயே சொல்லிவிட்டார்; 1968இல் டொராண்டோவுக்கே குடிபெயர்ந்து இறுதிவரை வாழ்ந்தவர் அவர். கோபுரம் கட்ட வருபவர் இப்படிப்பட்ட பல மனைகளை ஒன்றாகச் சேர்க்கிறார். புதிய தரைத்தளத்தில் அகலமான இடங்கள் வருகின்றன. அவற்றை வங்கியும் சங்கிலி மருந்துக்கடையும் எடுத்துக்கொள்கின்றன. கடன் கொடுப்பவருக்கும் அப்படிப்பட்ட வாடகைதாரர்தான் பிடிக்கும்.

இந்த இழப்பைக் கூட்டத்தில் எழுந்து சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. திட்டமிடல் சட்டம் நிலத்தின் பயன்பாட்டைப் பற்றிக் கேட்கும். பயன்படுத்துபவர் யார் என்று கேட்காது. இந்த மௌனத்தின் பிறப்பு நேர்மையானது. ஒரு வீட்டில் ‘குடும்பம்’ மட்டுமே வசிக்கலாம் என்ற நார்த் யார்க் விதியைக் கனடா உச்ச நீதிமன்றம் 1979இல் பெல் வழக்கில் செல்லாததாக்கியது. பயன்பாட்டை மட்டுமே பார்க்கும் அந்தக் கோட்பாடு இல்லையென்றால் அறைத்தோழர்களையும் வாடகைக்கு வந்தவர்களையும் விரட்ட மண்டல விதியே போதுமாக இருந்திருக்கும். ஆனால் குடியிருப்பவரைக் காத்த அதே கோட்பாடு, கடை தையல்காரருடையதா சங்கிலி நிறுவனத்துடையதா என்ற கேள்வியையும் வெளியே நிறுத்திவிட்டது. ஒன்டாரியோவில் கடை வாடகைக்கு உச்சவரம்பும் கிடையாது. மிஞ்சுவது அளக்கக்கூடியவை: எத்தனை மீட்டர், எத்தனை மணி நேர வெயில். நகரின் 2010ஆம் ஆண்டு நடுத்தர உயரக் கட்டட ஆய்வு தெருவின் அகலத்தையே கட்டடத்தின் உயர வரம்பாக்கி, நடைபாதைக்கு 5 மணி நேர வெயில் வேண்டும் என்றும் கேட்டது. நல்ல விதிகள்தான். ஆனால் வாடகைக்காக வருந்துபவரும் வெயிலுக்காக வாதாட வேண்டியிருக்கிறது.

மாடி என்பது நாணயமாகவும் புழங்கியது. திட்டமிடல் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி, கூடுதல் உயரத்துக்கு ஈடாகப் பூங்காவோ பொதுக் கலைப்படைப்போ பெற்றுக்கொள்ள நகரத்தால் முடிந்தது. 2022 முதல் அதற்குப் பதில், நில மதிப்பில் 4 விழுக்காடு வரையிலான கட்டணம். இப்படி ஒரு பண்டமாற்று நடந்த இடத்தில் மக்கள் மாடியை எண்ணியதில் என்ன வியப்பு?

கோபுரம் வருவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சொத்து மதிப்பீட்டில் மனையின் ‘மிக உயர்ந்த, மிகச் சிறந்த பயன்’ என்ற அளவுகோல் உண்டு. பக்கத்து மனை கோபுரமானால் இரண்டு மாடிக் கடையின் மதிப்பும் அந்தக் கணக்கில் ஏறும். ஏறிய வரியை ஒப்பந்தப்படி பெரும்பாலும் வாடகைதாரரே கட்டுகிறார். இன்னும் கட்டாத மாடிக்குத் தையல்காரர் வரி செலுத்துகிறார். 2022இல் நகரம் சிறுதொழில்களுக்கெனத் தனி வரிப்பிரிவு அமைத்து 15 விழுக்காடு குறைத்தது. உயரத்தைப் பற்றி எவ்வளவு வாதாடினாலும் இந்தக் கணக்கைத் தொட முடியாது.

வேறொரு கதவைத் திறந்தால் பேச்சு மாறும் என்பதற்குச் சான்று சான் பிரான்சிஸ்கோ. அங்கே 2004 முதல் சங்கிலிக் கடைகளுக்குத் தனி விதி. 2006இல் மக்கள் வாக்களித்து அதை விரிவாக்கினார்கள். பல கடைத்தெருக்களில் அவை தனி அனுமதி பெற்றுத்தான் வர முடியும். அனுமதி விசாரணையில் எந்தக் கடை, யாருக்குப் பயன், ஏற்கெனவே எத்தனை இருக்கின்றன என்றெல்லாம் பேச முடிகிறது. அந்த நகரம் வீட்டு நெருக்கடியிலிருந்து தப்பிவிடவில்லை என்பதும் உண்மை. கடையைக் காக்கும் விதி வீட்டைக் கட்டித் தராது.

எதிர்ப்பாளர்களை அப்பாவிகள் என்று நான் சொல்லவில்லை. 1954இல் டொராண்டோவின் முதல் சுரங்க ரயில் பாதை வந்து முடிந்த இடம் எக்லின்டன். அத்தகைய நிலையத்தின் தலைமேல் வீடுகள் கட்டாமல் வேறெங்கே கட்டுவது? வரப்போகும் வாடகைதாரருக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலியும் இல்லை. ஆனால் மாடிக்கணக்கை மட்டுமே ஆயுதமாக எடுத்தவர்கள் அந்தக் களத்திலேயே தோற்றார்கள். நகர்மன்றம் 2018இல் ஏற்ற யங்–எக்லின்டன் திட்டத்தை மாகாண அரசு மறு ஆண்டே திருத்தி, கூடுதல் உயரத்துக்கு இடம் கொடுத்தது. 2024இல், மண்டல விதி மாற்றங்களை எதிர்த்துக் குடியிருப்போர் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமையும் பறிக்கப்பட்டது.

இடையில் அந்த வட்டாரத்துக் கட்டுமான இடங்களில் பள்ளி வாரியத்தின் அறிவிப்புப் பலகைகள் முளைத்தன: புதிதாக வருவோரின் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியில் இடம் கிடைக்காமல் போகலாம் என்று. வாடகை வீடுகள் 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் இடிப்பவர் ஈடாக வீடு கட்டித்தர வேண்டும் என்ற விதியும் நகரத்தில் உண்டு. கடைக்கு அப்படி எதுவும் இல்லை. பழைய தெருக் கடை ஒப்பந்தங்கள் பலவற்றில், கட்டடத்தை இடிப்பதானால் சில மாத முன்னறிவிப்பில் காலி செய்ய வேண்டும் என்று ஒரு விதி இருக்கும். கடைக்காரர் அதில் கையெழுத்திட்டபோது பொதுக்கூட்டம் எதுவும் கூட்டப்படவில்லை.