சமசமாஜக் கட்சியும் சப்பிரகமுவாத் தோட்டங்களும்

இடதுசாரிக் கட்சிகளின் தலைமைப் பூசல்களை எழுதுவோர் பெரும்பாலும் மாநாட்டு மண்டபங்களிலிருந்தே எழுதத் தொடங்குகின்றனர். லங்கா சமசமாஜக் கட்சியைப் பற்றிய எழுத்துக்களும் இதற்கு விலக்கல்ல. பிலிப் குணவர்தனவுக்கும் என்.எம். பெரேராவுக்கும் இடையே நிலவிய முரண்பாடு, நான்காம் அகிலத்தின் தீர்மானங்கள், 1964 ஆம் ஆண்டு மாநாட்டின் வாக்கெண்ணிக்கை என்பனவே அவற்றில் மேலோங்கி நிற்கின்றன. இவற்றின் முக்கியத்துவத்தை நாம் மறுக்கவில்லை. ஆயின், 1936 இலிருந்து 1977 வரை என்.எம். தமது தேர்தற் களமாகக் கொண்டது கேகாலை மாவட்டத்தின் இறப்பர் மலைகளையும் அவற்றின் இடையிடையே கிடந்த சிங்களக் கிராமங்களையுமே. அந்நிலத்தில் நின்று நோக்கும்போது கட்சியின் திசைமாற்றம் வேறொரு தோற்றங் கொள்வதை இக்கட்டுரையிற் காட்ட முயல்கிறோம்.

சப்பிரகமுவாவோடு கட்சிக்கு ஏற்பட்ட உறவு கட்சியின் பிறப்புக்கும் முற்பட்டது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தை மிகக் கொடுமையாகத் தாக்கியபோது, சூரிய மல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து அங்கு சென்றனர். பருப்பு வழங்கிய என்.எம்.முக்குப் ‘பருப்பு மாத்தயா’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1935 டிசெம்பர் 18 இல் கட்சி தோன்றியது. அடுத்த ஆண்டிலேயே ருவன்வெல்லையில் என்.எம்.மும் அவிசாவளையிற் பிலிப்பும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். எனவே முதல் உறவு கிராமத்தோடு ஏற்பட்ட உறவே. தோட்டத்து லயன்களுக்குட் கட்சி தொழிற்சங்க வழியாகச் சில ஆண்டுகள் பிந்தித்தான் நுழைந்தது. 1940 ஜனவரி 10 இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியான வேலைநிறுத்தம் அந்நுழைவின் உச்சம். அவ்வாண்டு நடுப்பகுதியிலேயே தலைவர்கள் சிறைப்பட்டனர்; தோட்டங்களில் எழுந்துகொண்டிருந்த அமைப்பு தலைமையின்றி நின்றது. 1939 இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் அவ்வெற்றிடத்தில் வேரூன்றியது.

சப்பிரகமுவாவின் தோட்ட அமைப்பு நுவரெலியாவினதைப் போன்றதன்று என்பதை இவ்விடத்தில் மனங்கொள்ளுதல் வேண்டும். உயர்நிலத்துத் தேயிலைப் பகுதிகளிலே தமிழ்த் தொழிலாளர் செறிந்து வாழ்ந்தனர். அதனால் 1947 இற் காங்கிரஸ் அங்கு ஆசனங்களை வென்றது. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் அவர்கள் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடந்தனர். தனித்து ஒருவரைத் தெரிவுசெய்யும் வலு அவர்களுக்கு இல்லை. சிங்களக் கிராமத்தவரின் வாக்கோடு சேரும்போதே அவர்களது வாக்குப் பெறுமதி பெற்றது. வேறுவிதமாகக் கூறின், வர்க்க ஒற்றுமை என்பது இங்கு வெறுங் கோட்பாடாக மட்டும் இருக்கவில்லை. தேர்தற் கணக்காகவும் இருந்தது.

அந்த ஒற்றுமை எத்துணை மெல்லிய இழையில் தொங்கியது என்பதைக் கேகாலை மாவட்டத்து உந்துகொடையிலுள்ள நேவ்ஸ்மியர் தோட்டத்தின் கதை காட்டுகிறது. தொழிலாளர் வழக்கில் அது உருளவள்ளி. காணியற்ற கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிப்பதற்கென அரசாங்கம் அத்தோட்டத்தைச் சுவீகரித்தது; அங்கேயே உழைத்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் வெளியேறுமாறு பணிக்கப்பட்டன. வெளியேற மறுத்தோர் அத்துமீறற் குற்றஞ் சாட்டப்பட்டனர். 1946 இற் காங்கிரஸ் தொழிற்சங்கத்தின் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தம் மூன்று வாரங்கள் நீடித்தது. தோட்டக் கம்பனிகள் விழுங்கிய நிலம் கிராமத்தவருக்கு வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. பிறந்து வளர்ந்த லயனறையை விட்டுப் போகமாட்டோம் என்பதும் அதேயளவு நியாயமானது. இரு நியாயங்களையும் மோதவிட்டு ஆதாயம் பெற்றது மூன்றாவது தரப்பு. இம்மோதலுக்கு விடைகூற வேண்டிய கடமை இருவரிடையேயும் வேர்கொண்டிருந்த சமசமாஜக் கட்சிக்கே இருந்தது. நிலத்தைத் தேசியமயமாக்குவோம் என்ற பொதுவான விடைக்கு அப்பால் அக்கட்சி சென்றதாக எமக்குத் தோன்றவில்லை.

1947 பொதுத் தேர்தலிற் சமசமாஜக் கட்சி பத்து ஆசனங்களையும், அதிலிருந்து பிரிந்து நின்ற போல்ஷெவிக் லெனினிஸ்டுகள் ஐந்தையும் பெற்றனர். இரத்தினபுரி மாவட்டத்துக் கிரியெல்லவிலிருந்து அக்கட்சியின் புளோரன்ஸ் சேனாநாயக்க பாராளுமன்றஞ் சென்றார். சுதந்திர இலங்கையின் முதல் எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவியும் என்.எம்.முக்கு வந்துசேர்ந்தது. ஆளும் ஐக்கிய தேசியக் கட்சி இதன் பொருளை எதிர்க்கட்சியினரிலும் தெளிவாக உணர்ந்துகொண்டது என்றே சொல்லவேண்டும். 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 இன் 48 ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டமும் தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. காங்கிரஸின் ஆசனங்கள் பறிபோனமை கண்ணுக்குத் தெரிந்த இழப்பு. சப்பிரகமுவா போன்ற பகுதிகளில் இடதுசாரிகளின் காலடி மண் அரிக்கப்பட்டமை கண்ணுக்குத் தெரியாத இழப்பு. இச்சட்டத்தை அப்பட்டமான இனவாதம் எனப் பாராளுமன்றத்திற் கண்டித்தவர்களுள் என்.எம்.மும் கொல்வின் ஆர். டி சில்வாவும் முன்னின்றனர் என்பதை நன்றியுடன் பதிவுசெய்தல் வேண்டும்.

வாக்குப் பறிபோனதும் கட்சி உடனே கொள்கையைக் கைவிட்டது எனக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1950 இல் இரு பிரிவுகளும் இணைந்தன. பிலிப் விலகித் தனிக்கட்சி கண்டார். 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தால் அரசாங்கத்தையே உலுக்கியது. எனினும் அதன் வீச்சு மேற்கு, தெற்குக் கரையோரங்களிலேயே மிகுந்திருந்தது, தோட்டத்துறை பெரும்பாலும் அசையவில்லை. 1956 இற் சிங்களம் மட்டும் என்ற அலை அடித்தபோதும் இரு மொழிச் சமத்துவத்தைக் கட்சி விட்டுக்கொடுக்கவில்லை. பிலிப் பண்டாரநாயக்காவுடன் சேர்ந்து அமைச்சரானார், என்.எம். மீண்டும் எதிர்க்கட்சித் தலைவரானார். வாக்கற்ற மக்களுக்காகவும், வாக்குள்ள மக்களின் சினத்தைத் தாங்கியும் நின்ற அப்பத்தாண்டு அக்கட்சியின் வரலாற்றில் மிகக் கௌரவமான காலம் என்பது எமது மதிப்பீடு.

முறிவு 1960 மார்ச்சில் நேர்ந்தது. ஆட்சியமைக்கும் நம்பிக்கையோடு 101 வேட்பாளரை நிறுத்திய கட்சிக்குப் பத்து ஆசனங்களே கிடைத்தன. அதன்பின் தலைமையை வாட்டிய கேள்வி ஒன்றே: சிங்களக் கிராமத்தை எவ்வாறு மீட்பது? தோட்டத்து வாக்கு இருந்திருப்பின் அக்கேள்விக்கு வேறு விடை இருந்திருக்கும். இல்லாத வாக்குக்குத் தேர்தற் கணக்கில் இடமில்லை. 1964 ஜூன் மாநாட்டிற் சுதந்திரக் கட்சியோடு கூட்டுச் சேரவேண்டும் என்ற என்.எம்.மின் தீர்மானத்துக்கு 501 வாக்குகள். கொல்வின், லெஸ்லி குணவர்தன ஆகியோரின் இடைநிலைத் தீர்மானத்துக்கு 75. முற்றாக எதிர்த்தோருக்கு 159. எதிர்த்தோரின் முன்னணியில் நின்ற எட்மண்ட் சமரக்கொடி, 1952 இல் கேகாலை மாவட்டத்துத் தெஹியோவிட்டைத் தொகுதியின் பிரதிநிதியாகத் தெரிவானவர். அவரும் பாலா தம்புவும் வெளியேறினர். கொல்வினும் லெஸ்லியும் உள்ளேயே தங்கினர்.

நான்கு மாதங்கள் கழிந்தன. ஒக்டோபர் 30 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என மனிதர் எண்ணிப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டோரின் விருப்பம் கேட்கப்படவில்லை. அந்த அமைச்சரவையின் நிதியமைச்சர், எட்டியாந்தோட்டைப் பிரதிநிதி என்.எம். பெரேரா. 1966 ஜனவரி 8 இல் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிராகச் சுதந்திரக் கட்சியோடு தெருவிலிறங்கியபோது, கட்சி 1956 இற் காத்த நிலைப்பாட்டையும் கைவிட்டிருந்தது. தமிழ் பேசும் மக்களின் விடிவு இடதுசாரி இயக்கத்தோடு இணைவதிலேயே உண்டென வ. காராளசிங்கம் நூலெழுதி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன.

1970 இல் 19 ஆசனங்களோடு கட்சி மீண்டும் அரசாங்கத்திற் சேர்ந்தது. கொல்வின் பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சராகவும், 1972 குடியரசு யாப்பின் சிற்பியாகவும் ஒருங்கே விளங்கினார். ஒரு காலத்திற் கட்சி கனவுகண்ட தோட்டத் தேசியமயமாக்கம் 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் நடந்தேறியது. ஆனால் எழுபதுகளின் நடுப்பகுதியில் பஞ்சம் லயன்களை வாட்டியது. துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். உருளவள்ளியின் கேள்வி முப்பதாண்டுகளின் பின் மீண்டும் எழுந்தது. இம்முறை கேள்வி எழுந்த இடத்திற் கட்சியே அமைச்சிலிருந்தது. 1975 செப்டெம்பரில் அது அரசாங்கத்திலிருந்து நீக்கப்பட்டது. அதன்பின் அக்கட்சி மறுபடி எதிர்க்கட்சியாயிற்று. ஆயினும் எதனை எதிர்ப்பது என்பதில் அதற்குத் தெளிவில்லை, ஏனெனில் எதிர்க்கவேண்டியவற்றுட் பல அதன் கையெழுத்தைத் தாங்கியிருந்தன. இளைய தலைமுறையினரிற் கணிசமானோர் கிரியெல்லப் பிரதிநிதி வாசுதேவ நாணாயக்கார போன்றோரோடு நவ சமசமாஜக் கட்சியின் வழியிற் பிரிந்தனர்.

1977 ஜூலைத் தேர்தலில் எட்டியாந்தோட்டையை ஐக்கிய தேசியக் கட்சி கைப்பற்றியது. சமசமாஜக் கட்சிக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. 1936 இன் பின் அது நடந்தது அதுவே முதல் முறை. அடுத்த மாதம் வன்செயல் வெடித்தது. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களிலும் லயன்கள் தாக்கப்பட்டன. உயிர்தப்பியோர் பலர் வவுனியா நோக்கிச் சென்றனர். பாராளுமன்றத்தில் அவ்வன்செயலைப் பற்றிப் பேசியவர் புதிய எதிர்க்கட்சித் தலைவரான தமிழர் விடுதலைக் கூட்டணியின் அ. அமிர்தலிங்கம். 1948 இல் அதே அவையில் அத்தொழிலாளருக்காக எழுந்து நின்ற கட்சியின் வரிசை வெறுமையாகக் கிடந்தது.