பைபர் போட் வந்த வழி

மாமல்லபுரம் பக்கம் மணலில் ஏற்றி நிறுத்திய பழைய பைபர் போட்டின் அடியில் கையை வைத்துத் தடவினால் ஒட்டுகள் தட்டுப்படும். மணலில் இழுத்து இழுத்துத் தேய்ந்த இடத்தில் கண்ணாடி இழையை வைத்து ரெசின் பூசியிருப்பார்கள்.

இதே மணலில் முன்பு கிடந்தது கட்டுமரம். நாலைந்து லேசான மரம், கயிறு, அவ்வளவுதான். கரை வந்ததும் கட்டை அவிழ்த்துக் காயப்போடுவார்கள். அதற்குப் போடும் முதல் குறைவு; ஆனால் துடுப்பும் பாயும் எட்டும் தூரம் வரைதான் தொழில். பைபரும் இன்ஜினும் மெல்ல வந்துகொண்டிருந்தபோதுதான் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. அதன்பின் அரசும் தொண்டு நிறுவனங்களும் கொண்டுவந்து இறக்கிய பைபர் போட்டுகள், தமிழகக் கரையில் பல குப்பங்களில் அலை கொண்டுபோன படகுகளைவிட அதிகம்.

முதலீட்டுக்கு இரண்டு முகம் என்று 1946-ல் பொருளியலாளர் எவ்சி டோமர் காட்டினார். போடும்போது அது ஒருவருக்குக் கூலி. போட்டு முடித்தபின் உற்பத்தித் திறன். ஆழிப்பேரலைக்குப் பிந்தைய மாதங்களில் போட் பட்டறைகளுக்கு ஓயாத வேலை. போட்டுகள் கடலில் இறங்கின. கடல் பெருகவில்லை. கூலிக்குப் போனவர்களும் போட்டுக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஏறி வலை இழுக்க ஆள் தட்டுப்பாடு வந்தது. அதே கைகளுக்கு அதே கருவியைக் கூட்டிக்கொண்டே போனால், கூடுதலாக வருவது குறைந்துகொண்டே வரும். இன்னொரு பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1956-ல் கட்டிய வளர்ச்சிக் கோட்பாட்டின் அடித்தளம் இதுதான்.

மிச்சக் கதை பங்கில் இருக்கிறது. மீன் விற்ற காசில் டீசல் செலவு கழித்து, ஆளுக்கொரு பங்கு. போட்டுக்கும் வலைக்கும் தனிப் பங்கு. அந்தப் போட்டுப் பங்குதான் சேமிப்பு. அது முழுக்க ஒட்டுப் போடவும் இன்ஜின் பார்க்கவும் போய்விட்டால், இருப்பதைக் காப்பாற்றலாம், அடுத்த படி ஏற முடியாது. சோலோ சொன்ன தேக்க நிலை அது. முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே மீனைப் போடவேண்டியிருந்தால் விலையும் நம் கையில் இல்லை. உதவிப் பணத்தில் ஒரு பகுதி ஐஸுக்கும் ஏலக்கூடத்துக்கும் போயிருந்தால், அதே மீன் கூடுதல் காசு கொண்டுவந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கட்டுமரம் உழைத்து ஓய்ந்தபின் அடுப்பெரித்தது. ஒட்டுத் தாங்காத பைபரை எரித்தால் நச்சுப் புகை. அது சவுக்குத் தோப்போரம் கவிழ்ந்து கிடக்கிறது.