சுருட்டும் மெழுகுவர்த்தியும்: காப்பிரி முத்தப்பன் வழிபாட்டில் எளிமையின் வரலாறு

கொச்சியின் மேற்குப் பகுதி மட்டாஞ்சேரியில் தொடங்கிப் பள்ளுருத்தி வழியாகத் தெற்கே இடக்கொச்சி வரை நீள்கிறது. இப்பகுதியைப் பற்றி எழுதுவோர் மட்டாஞ்சேரி அரண்மனையையும் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தையும் மிளகுக் கிடங்குகளையும் தவறாமல் குறிப்பிடுகின்றனர். மட்டாஞ்சேரி மங்காட்டுமுக்கில் உள்ள காப்பிரி முத்தப்பன் வழிபாட்டிடத்திற்கு அத்தகைய கவனம் கிடைப்பதில்லை. அங்கே கோபுரமோ உருவச்சிலையோ இல்லை; மந்திரம் ஓதும் அர்ச்சகரும் இல்லை. வருவோர் மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர். வேண்டுதல் நிறைவேறியவர் சுருட்டு, கள், அவித்த முட்டை, புட்டு, மீன் அல்லது இறைச்சிக் கறி ஆகியவற்றுள் தம்மால் இயன்றதைப் படைக்கின்றனர். இந்துக்கள், கிறித்தவர், இசுலாமியர் என எல்லாச் சமயத்தவரும் அங்கு வருகின்றனர்.

இவ்வழிபாட்டிற்கு ஆகும் செலவு ஓர் உழைப்பாளியின் ஒரு நாள் கூலியில் சிறு பகுதிக்குள் அடங்கிவிடும். சமய ஆய்வில் இத்தகைய எளிமையை வறுமையின் விளைவு என்று ஒரே சொல்லில் கடந்துவிடும் வழக்கம் உண்டு. பெருங்கோயிலுக்குப் பொருள் இல்லாதவர்கள் சிறு மேடையோடு நின்றுவிட்டனர் என்பது அந்த விளக்கம். ஆனால், ஏழைகள் படைக்கக்கூடிய மலிவான பொருள்கள் எத்தனையோ இருக்க, இங்கு ஏன் குறிப்பாகச் சுருட்டும் கள்ளும் என்ற வினாவுக்கு அவ்விளக்கத்தில் விடையில்லை. அதைத் தேடுவோர் இத்தெய்வம் யார் என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

‘காப்பிரி’ என்பது ‘காஃபிர்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. சமயத்தை ஏற்காதவர் என்னும் பொருளுடைய அச்சொல்லைப் போர்த்துக்கீசியர் ‘காஃப்ரே’ என்று வழங்கி, ஆப்பிரிக்கரைக் குறிக்கும் பெயராக்கினர். இலங்கையில் புத்தளத்தை அடுத்த சிறம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வழியினரும் காப்பிரிகள் என்றே அறியப்படுகின்றனர். போர்த்துக்கீசியக் கலப்புமொழியில் அமைந்த அவர்களது மாஞ்சா பாடல்கள் அந்த வரலாற்றின் எச்சமாக இன்றும் ஒலிக்கின்றன. கொச்சி மக்கள் இப்பெயருடன் மூதாதையைக் குறிக்கும் ‘முத்தப்பன்’ என்னும் சொல்லைச் சேர்த்துக்கொண்டனர். அந்நியர் இட்ட இழிபெயரும் ஊரார் தந்த உறவுப்பெயரும் ஒரே தெய்வத்தின் பெயரில் அருகருகே நிற்கின்றன.

போர்த்துக்கீசியர் 1500இல் கொச்சிக்கு வந்தனர். 1503இல் கோட்டை எழுப்பத் தொடங்கினர். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் சோஃபாலா, மொசாம்பிக் ஆகிய இடங்கள் அவர்கள் கைக்கு வந்தபின் அங்கிருந்து அடிமைகள் இந்தியக் கரைக்குக் கொணரப்பட்டனர். 1663 ஜனவரியில் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றினர். தொன்மம் இந்த இடத்தில் தொடங்குகிறது. தப்பிச்செல்லுமுன் போர்த்துக்கீசியர் தம் செல்வத்தைச் சுவர்களுக்குள்ளும் மரத்தடிகளிலும் புதைத்தனர் என்றும், அதற்குக் காவலாகத் தம் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று உடன் புதைத்தனர் என்றும் ஊரார் சொல்கின்றனர். கொல்லப்பட்டவர்களின் ஆவி மதில்மேல் அமர்ந்து சுருட்டுப் புகைக்கும், வழிதவறியோருக்கு வழிகாட்டும், மனம் வைத்தால் புதையலையும் காட்டும். இது வாய்மொழி மரபு. இதை ஆவணச் செய்தியாகக் கொள்ளலாகாது. எனினும் தொன்மத்திற்குப் பின்னணியாக நிற்கும் அடிமை வணிகம் ஐயத்திற்கு இடமின்றி நிகழ்ந்தது.

அதற்கான சான்றுகளில் ஒரு பகுதி சென்னையிலேயே உள்ளது. கொச்சியில் இருந்த டச்சு நிருவாகத்தின் பதிவேடுகள் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 18ஆம் நூற்றாண்டில் கொச்சியில் பதிவான அடிமை விற்பனைப் பத்திரங்களும் அவற்றுள் அடங்கும். விற்றவர், வாங்கியவர், விற்கப்பட்டவரின் பெயர், வயது, சாதி, விலை ஆகிய விவரங்கள் அவற்றில் காணப்படுகின்றன. அங்ஙனம் விற்கப்பட்டோரில் பெரும்பாலோர் மலையாளக் கரையின் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களில் பலர் கப்பலேற்றப்பட்டுத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வரை கொண்டுசெல்லப்பட்டனர். ஆப்பிரிக்கர் அடிமையாக வந்திறங்கிய அதே துறைமுகத்திலிருந்து மலையாளிகள் அடிமைகளாக ஆப்பிரிக்காவுக்குச் சென்றனர். கொச்சி அரசில் அடிமை முறை 1854இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எனவே காப்பிரியின் கதையைக் கேட்ட எளிய மக்களுக்கு அடிமை வாழ்வு தொலைதூரச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

இப்பின்னணியில் படையலைப் பார்த்தால் அதன் பொருள் துலங்குகிறது. கள், சுருட்டு, மீன்கறி, புட்டு ஆகியவை துறைமுகத்திலும் வயலிலும் உழைத்தவர் வேலை முடிந்தபின் விரும்பி நுகர்ந்தவை. உயிரோடிருந்தபோது கூலியே பெறாதவனுக்கு, இறந்தபின் கூலிக்காரனின் மாலைநேர நிறைவு வழங்கப்படுகிறது. பெரும் புதையலைக் காப்பவனாகச் சொல்லப்படும் தெய்வத்திற்குப் பொன்னோ பட்டோ படைக்கப்படுவதில்லை என்பதும் கருதத்தக்கது. அச்செல்வம் அவனுடையதன்று, அவனைப் புதைத்தவர்களுடையது.

தமிழகத்திலும் இதற்கு இணை உண்டு. பாபநாசம் மலையில் காரையாற்றங்கரையிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக வணங்கப்படுபவன், நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலின் தலைவனாகிய முத்துப்பட்டன். பிராமணனாகப் பிறந்த அவன் சக்கிலியர் பெண்கள் இருவரை மணக்க விரும்பி, அவர்கள் தந்தையின் நிபந்தனையை ஏற்றுச் செருப்புத் தைத்தான். பின்னர் மாடு கவர வந்தோருடன் நடந்த மோதலில் உயிரிழந்தான். இன்றும் பக்தர்கள் அவனுக்குத் தோற்செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகின்றனர். வேறு கோயில்களில் வாசலிலேயே கழற்றப்படும் பொருள் அங்குக் காணிக்கையாகிறது. கதைப்பாடலைக் கேட்டறியாதவருக்கும் அக்காணிக்கை கதையின் மையத்தைச் சொல்லிவிடுகிறது.

எளிய பொருளுக்குள் வரலாற்றை வைத்துப் பேணும் வழக்கம் இந்நிலத்திற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் தோன்றிய விக்கா சமயம் அண்மைக்கால எடுத்துக்காட்டு. அதனை உலகறியச் செய்த ஜெரால்டு கார்ட்னர் இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் பின்னர் மலாயாவிலும் பணிபுரிந்தவர். 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் பிரிட்டனில் 1951இல் நீக்கப்பட்டபின், 1954இல் தம் நூலை வெளியிட்டார். கத்தி, கோல், கிண்ணம், வட்டத்தகடு என அச்சமயத்திற்குச் சடங்குக் கருவிகள் உண்டு. அவை எந்த வீட்டிலும் காணப்படும் சாதாரணப் பொருள்களாக இருக்கவேண்டும், தகட்டை மெழுகால் செய்தால் ஆபத்து நேரத்தில் உடனே அழித்துவிடலாம் என்னும் அறிவுரை கார்ட்னர் வழிவந்த சடங்கேட்டில் இடம்பெற்றுள்ளது. பின்னாளில் இக்கருவிகளுக்கென்றே பெருஞ்சந்தை உருவானது. கைப்பொருள் குறைந்தோர் சமையற்கத்தியையும் வீட்டுக் கிண்ணத்தையும் கொண்டு சடங்கு செய்யும்போது, அவர்கள் சமயத்தின் தொடக்ககால அறிவுரைக்கே நெருங்கி நிற்கின்றனர்.

இரண்டையும் ஒப்பிடுகையில் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. விக்கா பழங்காலத்திலிருந்து அறுபடாது வந்த மரபன்று, 20ஆம் நூற்றாண்டின் ஆக்கம் என்பதை ரொனால்டு ஹட்டனின் 1999ஆம் ஆண்டு நூல் விரிவாக நிறுவியது. ஆகவே மெழுகுத்தகடு சுட்டும் ஒடுக்குமுறை, பிற்காலத்தார் தமதாக்கிக்கொண்ட நினைவு. கொச்சியின் சுருட்டு சுட்டும் ஒடுக்குமுறையோ அதே துறைமுகத்தில் நடந்தது. ஒன்றில் எளிமை மறைந்து வாழ்வதற்கான உத்தி. மற்றொன்றில் எளிமை, உடைமையற்றுப் போனவனுக்குச் செய்யும் மரியாதை. செலவு இரண்டிலும் குறைவே. அந்தக் குறைவுக்கான காரணங்கள் வெவ்வேறு.

இன்று இவ்வேறுபாட்டை வலியுறுத்தத் தேவை உள்ளது. நாட்டார் தெய்வங்களின் மேடைகள் கட்டடங்களாக வளரும்போது முதலில் மாறுவது பெரும்பாலும் படையல்தான். சாராயத்தின் இடத்திற்குப் பாலும், சுருட்டின் இடத்திற்குக் கற்பூரமும் வந்துவிடுகின்றன. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடைசெய்யும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழக அரசு 2003இல் கடுமையாக நடைமுறைப்படுத்த முனைந்தபோது எழுந்த எதிர்ப்பும், 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டதும், படையலில் தலையிடுவதை மக்கள் எவ்வளவு கூர்மையாக உணர்கின்றனர் என்பதைக் காட்டின. சுற்றுலாவும் நிலவிலையும் உயர்ந்துவரும் மட்டாஞ்சேரியில், மங்காட்டுமுக்கு வழிபாட்டிடத்திற்கு அழகிய மண்டபம் ஒன்று ஒருநாள் அமையக்கூடும். அதனுள் சுருட்டுக்கு இடமில்லாமல் போனால், தெய்வத்தின் பெயர் நீடித்தாலும் அவன் யார் என்பது மறைந்துவிடும்.

களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் வழிபாட்டிடத்தின் அளவையும் தலபுராணத்தையும் பதிவு செய்வதோடு நின்றுவிடுகின்றனர். படைக்கப்படும் பொருள் எது, எந்தக் கடையில் வாங்கப்பட்டது, என்ன விலை, கொண்டுவந்தவர் என்ன தொழில் செய்பவர், அதற்கு மாற்றாக எதை அவர் ஏற்கமாட்டார் என்பனவும் பதிவாகவேண்டும். எழும்பூர்ப் பத்திரங்களில் ஒரு மனிதனின் விலை எழுதப்பட்டிருக்கிறது. அத்தகைய மனிதனுக்கு மக்கள் தம் கூலியிலிருந்து என்ன எடுத்துவைக்கின்றனர் என்பதை மங்காட்டுமுக்கின் மேடையில் காணலாம். கொச்சியின் அடிமை வரலாற்றை எழுத முனைவோருக்கு இவ்விரு சான்றுகளும் தேவை.