லித்தியம்: இருமுனை மனநோய் மருத்துவத்தில்

லித்தியம் உலோகங்களிலேயே மிக இலேசானது. இன்று கைப்பேசி பேட்டரிகளால் பலருக்கும் தெரிந்த பெயர். இதன் உப்பான லித்தியம் கார்பனேட், இருமுனை மனநோய்க்கான முதன்மை மருந்துகளில் ஒன்று. மருத்துவர்கள் 'பைபோலார்' என்று சொல்லும் இந்நோயில் மனநிலை இரண்டு எல்லைகளுக்கு மாறிப் போகிறது. மேனியா எனப்படும் எழுச்சிக் கட்டத்தில் தூக்கம் தேவைப்படாது, பேச்சு நிற்காது, கையிருப்பு கரையும்வரை செலவு நடக்கும். சோர்வுக் கட்டத்தில் படுக்கையைவிட்டு எழுவதே பெரும்பாடு. இடைப்பட்ட காலத்தில் பலர் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், வழக்கம்போல் வேலை பார்ப்பார்கள்.

நோயை இனங்கண்டது

இந்த இரு கட்டங்களும் ஒரே நோயைச் சேர்ந்தவை என்று 1854இல் பாரிசில் ஃபால்ரே, பையார்ழே என்ற இரு மருத்துவர்கள் சில வார இடைவெளியில் அறிவித்தார்கள். யார் முந்தி என்ற சண்டையும் உடனே கிளம்பியது. ஜெர்மனியின் எமில் கிரேப்பலின் 1899இல் இதற்கு 'மேனியா-மனச்சோர்வு நோய்' என்று பெயரிட்டு, தனித்து வரும் மனச்சோர்வையும் அதிலேயே சேர்த்தார். 1966இல் சுவிட்சர்லாந்தின் ஆங்ஸ்ட்டும் சுவீடனின் பெர்ரிஸும் நோயாளிகளின் குடும்ப வரலாறுகளை ஆராய்ந்து இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1980ஆம் ஆண்டுக் கையேடு 'பைபோலார்' என்ற பெயரை நிலைநிறுத்தியது.

உப்பின் முன்கதை

1817இல் சுவீடனின் ஊத்தோ தீவிலிருந்து வந்த கனிமத்தில் யோஹான் ஆர்ஃப்வெட்சன் லித்தியத்தைக் கண்டறிந்தார். யூரிக் அமில உப்பை அது கரைக்கும் என்பதால் 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் கவுட் எனும் மூட்டுவாதத்துக்குக் கொடுத்தார்கள். நியூயார்க்கின் வில்லியம் ஹேமண்ட் 1871இல் மேனியாவுக்கும், டென்மார்க்கின் கார்ல் லாங்கே 1880களில் மனச்சோர்வுக்கும் அதைப் பரிந்துரைத்தார்கள். பிறகு மருத்துவ உலகம் மறந்துபோனது. 1929இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த செவன் அப் பானத்தில் மட்டும் லித்தியம் சிட்ரேட் இருந்தது.

கேடின் சமையலறை

ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டுகள் ஜப்பானியரின் கைதியாக இருந்தவர். விடுதலையான பின் மெல்பர்ன் புறநகரான பண்டூராவின் மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே பயன்படாமல் கிடந்த சமையலறைதான் அவருடைய ஆய்வுக்கூடம். மேனியா நோயாளிகளின் சிறுநீரில் ஏதோ நச்சு இருக்கிறது என்று நம்பி அதைக் கினிப்பன்றிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார். யூரிக் அமிலத்தின் மேல் சந்தேகம் வந்தது. அது நீரில் எளிதில் கரையாது என்பதால் லித்தியம் யூரேட்டைக் கையில் எடுத்தார். எதிர்பார்த்த நச்சு குறைந்தே தெரிந்தது. தனி லித்தியம் கார்பனேட்டைச் செலுத்தியபோது, மல்லாக்கப் போட்டாலும் உதைத்துப் புரளாமல் விலங்குகள் அப்படியே கிடந்தன. அவை அமைதியாகவில்லை, நச்சேறித்தான் துவண்டன என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கருத்து.

கேட் முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். பிறகு பத்து மேனியா நோயாளிகளுக்குக் கொடுத்தார். முதல் நோயாளி, கேட் பின்னர் எழுதிய கட்டுரையில் டபிள்யூ.பி. என்று குறிக்கப்படும் 51 வயது ஆண். ஐந்தாண்டுகளாக ஓயாத மேனியாவில் இருந்தவர். 1948 மார்ச்சில் மருந்து தொடங்கியது; சில மாதங்களில் அவர் வீடு திரும்பிப் பழைய வேலையில் சேர்ந்தார். முடிவுகள் 1949 செப்டம்பரில் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளிவந்தன.

ஆனால் அதே ஆண்டில்தான், இதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக விற்கப்பட்ட லித்தியம் குளோரைடு அமெரிக்காவில் சிலர் உயிரைக் குடித்தது. 1950இல் டபிள்யூ.பி.யும் லித்தியம் நச்சால் இறந்தார். கேட் தம் மருத்துவமனையில் அதை நிறுத்தினார்.

அளவு தெரிந்த கதை

மருந்தைக் காப்பாற்றியது இரத்தத்தில் அதன் அளவை அறியும் முறை. லித்தியம் தீயில் செக்கச்சிவந்த ஒளி தரும். நோயாளியின் இரத்தநீரைச் சுடரில் தெளித்து அந்த ஒளியின் செறிவை அளந்தால் உள்ளே எவ்வளவு லித்தியம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மெல்பர்னின் நோவாக், டிராட்னர் இருவரும் இந்தச் சுடர் ஒளிமானியைக் கொண்டு நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கண்காணித்து 1951இல் எழுதினார்கள்.

டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ 1954இல், காசைச் சுண்டி லித்தியமா வெற்று மாத்திரையா என்று தீர்மானித்து மேனியாவில் சோதித்தார். 1967இல் அவரும் போல் போஸ்ட்ரூப்பும் 88 பெண்களின் பல்லாண்டுப் பதிவுகளை வெளியிட்டு, லித்தியம் நோய் திரும்புவதையே தடுக்கிறது என்றார்கள். மறு ஆண்டே லண்டனின் பிளாக்வெல், ஷெப்பர்டு இருவரும் இதை வெறும் கட்டுக்கதை என்றார்கள். ஒப்பிடுவதற்கு வெற்று மாத்திரைக் குழு இல்லை என்பது அவர்கள் வாதம். ஷோ 1970இல் பதில் சொன்னார். நன்றாக இருந்தவர்களில் 39 பேருக்கு, அவர்கள் அறியாமல், லித்தியத்துக்குப் பதில் வெற்று மாத்திரை தரப்பட்டது. ஐந்து மாதங்களில் அவர்களில் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியத்தைத் தொடர்ந்த 45 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அதே ஆண்டு அமெரிக்கா அனுமதி வழங்கியது.

இன்றைய நடைமுறை

நோயைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை. வாழ்க்கை வரலாற்றைக் கேட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். பெரும்பாலோர் சோர்வில் இருக்கும்போதுதான் மருத்துவரிடம் வருகிறார்கள். எழுச்சிக் காலத்தை அவர்கள் நோயாகவே நினைப்பதில்லை. ஆகவே தூங்காமலே சுறுசுறுப்பாக இருந்த நாட்கள் உண்டா என்று வீட்டாரிடமும் விசாரிப்பது வழக்கம். ஒரு வாரம் நீடித்தாலோ மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலோ அது மேனியா; நான்கு நாள் நீடிக்கும் மட்டான எழுச்சி ஹைப்போமேனியா. தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு, போதைப்பொருள் ஆகியவை காரணமல்ல என்றும் உறுதிசெய்ய வேண்டும். நோயைத் தவறவிட்டு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மேனியா கிளம்பிவிடும்.

கடும் மேனியாவை அடக்க மனப்பிறழ்வு எதிர்ப்பு மருந்துகள் வேகமாக உதவுகின்றன. வால்ப்ரோயேட்டும் உண்டு, கருவைப் பாதிக்கும் என்பதால் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அதைத் தவிர்ப்பார்கள். நீண்டகாலக் காப்புக்கு லித்தியமே முன்னிற்கிறது. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதற்கும் அதற்குச் சான்று உண்டு.

இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன், இரத்தம் எடுப்பார்கள். காப்புக்குப் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் போதும், 1.5ஐத் தாண்டினால் நச்சு. சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றையும் குறித்த இடைவெளியில் பார்க்க வேண்டும்.

லித்தியம் எடுப்பவர்கள் சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது. இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையையும் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் கை நடுக்கம், தள்ளாட்டம் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நலமாகிவிட்டது என்று மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் மேனியா திரும்பும் அபாயம் அதிகம். குறைப்பதென்றாலும் மருத்துவரைக் கேட்டு, படிப்படியாகவே குறைக்க வேண்டும்.