மாணவனும் மக்கட் கருத்தும்: ஒரு கல்விமுறையின் வரலாறு

மக்களின் அபிப்பிராயத்தை எண்ணால் அளக்கும் முறை, இருபதாம் நூற்றாண்டுச் சமூக விஞ்ஞானங்கள் பெற்ற சிறந்த கருவிகளுள் ஒன்றாகும். ஆயினும், அவ்வெண்களை ஆராயும் வாய்ப்பு நெடுங்காலம் ஒரு சிலருக்கே உரியதாயிருந்தது. மாணவன் அச்சேறிய அட்டவணையை வாசித்தான். அதன் பின்னாலிருந்த விடைகளைக் கண்டானல்லன். அவ்விடைகள் வகுப்பறையை வந்தடைந்த வரலாற்றை ஐக்கிய அமெரிக்காவிலே தெளிவாகக் காணலாம்.

1936 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலையொட்டி ‘லிற்றறரி டைஜஸ்ற்’ என்னும் சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடி மாதிரி வாக்குச் சீட்டுகளை அனுப்பி, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பெற்றது. லாண்டன் வெல்வார் என அது கூறிற்று. ஆனால், 48 மாநிலங்களுள் 46 இல் ரூஸ்வெல்ற் வென்றார். மிகச் சிறிய மாதிரியையே கொண்டிருந்த ஜோர்ஜ் கலப் வெற்றியாளரைச் சரியாகக் கணித்தார். விடைகளின் தொகையினும், அவை யாரிடமிருந்து பெறப்பட்டன என்பதே முதன்மையானது என்னும் உண்மை இதனாற் புலனாயிற்று.

பின்னர் இத்தகைய விடைகளைப் பேணும் காப்பகங்கள் தோன்றின. 1947 இல் வில்லியம்ஸ் கல்லூரியில் எல்மோ ரோப்பரின் ஆய்வுத் தரவுகளைக் கொண்டு ஒரு காப்பகம் அமைந்தது. 1962 இல் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, பல பல்கலைக்கழகங்கள் தரவுகளைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டமைப்பு ஒன்று உருவாயிற்று. தரவு கிடைத்தது, அதனை ஆளும் வழியோ எளிதன்று. துளையட்டைகளைப் பொறியிலிட்டு எண்ணவேண்டும். அன்றேல், கணனிக்கான நிரலை எழுதவல்லார் துணையை நாடவேண்டும்.

இத்தடையைப் பெரிதும் அகற்றியது 1968 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் நோர்மன் நை, டேல் பென்ற், ஹட்லாய் ஹல் ஆகியோர் ஆக்கிய ‘எஸ்.பி.எஸ்.எஸ்.’ என்னும் நிரற்றொகுதியாகும். நை அரசியல் விஞ்ஞான மாணவர் என்பது ஈண்டு கருதத்தக்கது. 1970 இல் வெளிவந்த அதன் கைந்நூல், கட்டளைகளோடு புள்ளிவிபரவியலையும் விளக்கியமையாற் பாடநூலாகவும் பயன்பட்டது. 1972 இல் தேசிய அபிப்பிராய ஆய்வு நிலையம் பொதுச் சமூக ஆய்வைத் தொடங்கியது. அதன் தரவுகள் ஆய்வாளர், ஆசிரியர், மாணவர் அனைவருக்கும் கிடைக்கத்தக்கனவாயின. கல்வியும் வயதும் கருத்தை எவ்வாறு வேறுபடுத்துகின்றன என்பதை மாணவன் தானே வினவலானான். 1990 களில் ஒக்லண்ட் பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாக்காவும் றொபேட் ஜென்ரில்மனும் ‘ஆர்’ என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். 1995 முதல் அது கட்டணமின்றிக் கிடைத்தமையால், பொருள்வளம் குறைந்த கல்விநிலையங்களுக்கும் இவ்வாய்ப்பு எட்டியது.

எனினும், கருவி எளிதானமையால் ஆராய்ச்சி எளிதாகிவிடவில்லை. பொதுச் சமூக ஆய்வின் பல வினாக்களில் ‘தெரியாது’ என்னும் விடை 8 எனவும், விடையின்மை 9 எனவும் குறிக்கப்பட்டன. இவற்றை விலக்குமாறு பணிக்காவிடின், கணனி அவற்றையும் கூட்டிச் சராசரி காணும். மௌனம் ஓர் உறுதியான கருத்தாக உருமாறும்; பொறியோ பிழை எதனையும் சுட்டாது. ஆதலின், நிரல் கற்பிக்கும் ஆசிரியர் கட்டளைகளுக்கு முன்னர் வினாக்கொத்தை வாசிக்கக் கற்பித்தல் வேண்டும். எவரிடம் வினவப்பட்டது, எவர் விடுபட்டனர், எவர் விடையளிக்க மறுத்தனர் என்பவற்றை அறியாது பெறும் அட்டவணை, 1936 இன் தவற்றை விரைவாக மீளச் செய்வதாகவே முடியும். மக்கள் கூறியதை எண்ணும் ஆற்றலைக் கணனி தந்தது. அவர்கள் கூறாததை மதிக்கும் பொறுப்பு மாணவனிடமே உள்ளது.