விதைப்பாடும் சங்கிலியும்: கண்டி நாட்டு மண்ணை அளந்த வரலாறு

ஒரு நிலத்தின் பரப்பை அளப்பது வேறு. அந்நிலத்து மண்ணின் இயல்பை அறிவது வேறு. மகாவலி கங்கை வளைந்தோடும் கண்டி மலைநாட்டில் இவ்விரண்டு அறிவும் ஒரு காலத்தில் ஓரளவு கலந்தே இருந்தன. பின்னர் நூறாண்டுக்கு மேல் அவை பிரிந்து நின்றன. இன்று கணினியின் துணையால் மீண்டும் ஒன்றுசேரத் தொடங்கியுள்ளன. அப்பிரிவினால் விளைந்த கேட்டையும் இச்சேர்க்கையினால் விளையக்கூடிய நன்மையையும் மலைநாட்டில் வாழ்வோர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

கண்டி மன்னர் காலத்தில் வயல்நிலத்தை நீள அகலங்கொண்டு அளக்கும் வழக்கம் இல்லை. அந்நிலம் எவ்வளவு விதைநெல் கொள்ளுமோ அதுவே அதன் அளவு. பத்து லாகை ஒரு பெலை. நான்கு பெலை ஓர் அமுணம். தமிழகத்தின் தென்கோடியில் வழங்கிய கோட்டை விதைப்பாடும் இதைப் போன்றதே. ஓர் அமுணம் என்பது ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை ஏக்கர் வரை இடத்துக்கு இடம் வேறுபட்டது. மண்ணும் நீரும் ஊர் வழக்கமும் அவ்வேறுபாட்டுக்குக் காரணமாயின. இன்றைய கண்ணுக்கு இது குறையாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வளவையில் மண்ணின் குணமும் ஒரு பங்கு அடங்கியிருந்தது என்பதை மறுக்க இயலாது. யார் எந்த வயலை ஆள்கின்றார், அதற்கு ஈடாக அரசனுக்கு என்ன ஊழியம் செய்கின்றார் என்பன 'லேகம் மிட்டி' எனப்பட்ட ஓலை ஏடுகளில் எழுதப்பட்டன. ஆனால், வயலுக்கு மேலே இருந்த புல்வெளியும் காடும் பெரும்பாலும் இவ்வாறு அளவுக்குள் அடங்கவில்லை.

1800ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், தேசாதிபதி பிரெடரிக் நோர்த் இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினார். 1815இல் கண்டி அரசு வீழ்ந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசுமாய்க் கிடந்த நிலங்கள், வேறொருவருக்கு உரியவை என்று நிறுவப்படாதவரை, முடிக்குரியவை எனக் கொண்டது. ஓலையில் அளவு எழுதப்படாத மலைச்சரிவுகள் இவ்வாறு அரசின் கைக்குச் சென்று, பின் கோப்பித் துரைமார்க்கு விற்கப்பட்டன. விற்பதற்கு அளவு வேண்டும். எனவே 66 அடி நீளமுள்ள இரும்புச் சங்கிலி மலையேறியது. ஏக்கர், ரூட், பேர்ச் என்னும் அளவுகள் வந்தன. எல்லையும் ஓடையும் உரியவர் பெயரும் படத்தில் துல்லியமாய் அமைந்தன. மண் எத்தனை அடி ஆழம், எத்தகைய சரிவில் நிற்கின்றது என்பன அதில் இடம்பெறவில்லை. சரிவான இடத்து ஏக்கரும் சமவெளி ஏக்கரும் அப்படத்தில் ஒன்றே.

அப்படங்களின்படி காடுகள் அழிந்தன. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளையேனும் காத்தல் வேண்டும் என்று தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873இல் அறிவுறுத்தினார். அதற்கு முன்னரே, 1869இல், இலைத்துரு நோய் கோப்பியைப் பற்றியிருந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் அச்சரிவுகளில் உழைத்தனர். அங்கேயே அமைந்த லயங்களில் குடியிருந்தனர். ஒரு புல்லும் விடாமல் களைபறிப்பதே அக்காலத்தில் நல்ல தோட்ட முறை எனப்பட்டது. மூடுபயிர் இன்றித் திறந்து கிடந்த மேல்மண்ணை ஒவ்வொரு பருவமழையும் ஆற்றுக்கு இழுத்துச் சென்றது. மண்ணரிப்பை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1931இல் வெளிவந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல்தான் நிறைவேறியது. மண்ணை இழந்த பின்னரே நாடு மண்ணைப் பற்றிச் சிந்திக்கலாயிற்று.

மண் என்பது பாறையின் வெறும் துகளன்று. தாய்ப்பாறை, காலநிலை, உயிரினம், நிலத்தின் சரிவு, காலம் ஆகிய ஐந்தின் கூட்டால் உருவாவது என்னும் கருத்து உருசிய அறிஞர் டொக்குச்சாயெவின் ஆராய்ச்சியில் வேரூன்றியது. அவருடைய புகழ்பெற்ற நூல் 1883இல் வெளியாயிற்று. இவ்வடிப்படையில் இலங்கை மண்ணை வகுத்தவர்களுள் மூவர் குறிப்பிடத்தக்கவர். முதலில் வேளாண் இரசாயன அறிஞர் யோவாக்கிம் ஆராய்ந்தார். பின்னர் மூர்மன், பானபொக்கே இருவரும் 1961இல் 'இலங்கையின் மண்கள்' என்னும் ஆய்வை வெளியிட்டனர். கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டு ஹன்டிங் நிறுவனத்தார், விமானப் படங்களின் துணையோடு மகாவலி வடிநிலத்தின் வளங்களை ஆராய்ந்து 1962இல் அறிக்கை அளித்தனர்.

இவ்வாராய்ச்சிகள் காட்டிய கண்டி, சங்கிலி காட்டிய கண்டியன்று. ஓரிடத்தில் ஆழமான, நீர் நன்கு வடியும் செங்கபில லற்றசோலிக் மண். செங்குத்தான சரிவுகளில் ஆழம் குறைந்த முதிராக் கபில இருவாட்டி மண். மழைமிக்க உயர்மலைகளில் சத்துக் கரைந்து புளிப்பேறிய செம்மஞ்சட் பொட்சோலிக் மண். நகரிலிருந்து கிழக்கே தெல்தெனியாவை நோக்கிச் சென்றால் சில மைல் தொலைவிலேயே மழை குறைகின்றது. மண்ணும் பயிரும் மாறுகின்றன. இவற்றை அறிய மண் அளவையாளர் குழி தோண்டினார். துளைகருவியால் மண் எடுத்தார். நிற அட்டையோடு ஒப்பிட்டார். ஈரமண்ணை விரலிடையே உருட்டி மணலும் களியும் எவ்வளவு எனத் தேர்ந்தார்.

இவ்வேலையின் இன்றைய வடிவமே எண்ணியல் மண்படம். பேராதனைப் பல்கலைக்கழகமும் விவசாயத் திணைக்களமும் அமைந்துள்ள கண்டிப் புறநகரே இலங்கையில் இவ்வாராய்ச்சிக்குத் தாயகம் எனலாம். கனடாவின் துணையோடு நடந்த ஆய்வின் பயனாக, ஈரவலய மண்களைப் பற்றிய நூல் 1999இல் வெளிவந்தது. கண்டி, அக்குறணை முதலிய ஊர்ப்பெயர்கள் இன்று மண்தொடர்களின் பெயர்களாகவும் வழங்குகின்றன. குழிகளில் கண்ட உண்மையையும், உயரம், சரிவு, மழை, நிலப்பயன்பாடு ஆகியவற்றையும் கணினி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றது. குழி தோண்டாத இடத்து மண்ணையும் அவ்வடுக்குகளைக் கொண்டு கணிக்கின்றது. எந்தச் சரிவில் தேயிலை நிற்கும், எதனைக் காட்டுக்கே விடவேண்டும், எங்கே வீடு கட்டலாகாது என்று திட்டமிடுவோர் இதனால் ஆராயலாம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. ஐந்து இலட்சத்தில் ஒன்று என்னும் அளவில் வரைந்த படத்தில் ஒரு சென்டிமீட்டர் ஐந்து கிலோமீட்டரைக் குறிக்கும். அதனைத் திரையில் எத்துணை பெரிதாக்கினும் ஒரு தோட்டத்தின் மண் அதில் தெரியாது. படத்தின் துல்லியம் திரையால் வருவதன்று. களத்தில் தோண்டிய குழிகளால் வருவது.

மற்றொன்று இதனினும் பெரிது. 2014 அக்டோபர் 29இல், பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானது என்று நிலச்சரிவை ஆராய்வோர் முன்னரே எச்சரித்திருந்தனர். மக்களோ அங்கேயே வாழ்ந்தனர். அறிவு இல்லாமையால் மட்டும் நேர்ந்ததன்று அத்துயரம். அறிவு குடியிருப்புவரை சென்று செயலாகாமையாலும் நேர்ந்தது. கண்டியைச் சூழ்ந்த சரிவுகளிலும் மண்ணுக்கும் மழைக்கும் இடையே குடியிருப்போர் பலர். அவர்தம் காலடி மண்ணைக் காட்டும் படம் அலுவலகக் கணினியில் மட்டும் கிடத்தல் போதாது. அது தமிழிலும் சிங்களத்திலும் ஊர்ச்சங்கத்துக்கும் பாடசாலைக்கும் தோட்டக் குடும்பத்துக்கும் எட்டுதல் வேண்டும்; ஆபத்தான இடத்தில் வாழ்வோர்க்கு வேறிடமும் கிடைத்தல் வேண்டும்.

விதைப்பாட்டால் அளந்த பழைய உழவனுக்கு, தன் வயலின் அளவைச் சொல்ல எவரும் தேவைப்படவில்லை, விதைத்தவன் அவனே. அவனிடம் இருந்த அந்த நெருக்கத்தை, சங்கிலியின் துல்லியத்தோடும் கணினியின் விரிவோடும் மலைநாட்டு மக்களின் கையில் மீண்டும் சேர்ப்பதே இன்றைய மண் அளவையின் கடமையாகும்.